30 சென்டிமீட்டர் குளோப், வாங்கலாமோ?

மகளுக்கு புவியியல் படிக்க எண்டு யாழ்ப்பாணம் டவுண்ல ஒரு கடையில வாங்கினனான், பிரிண்ட் நல்லாத்தான் கிடக்கு, ஆனா ஸ்டாண்ட் ஒரு கிழமையிலயே ஆடத் தொடங்கிட்டுது. மலையள் கையில தட்டுப்படுற மாதிரி பொங்கி நிக்குது, அதுதான் பெரிய பிழை. இந்த சைஸுக்கு 1 சென்டிமீட்டர் எண்டா கிட்டத்தட்ட 425 கிலோமீட்டர், முழு இலங்கையும் சுண்டுவிரல் நகத்துக்குள்ள அடங்கீடும், அப்ப எவரெஸ்ட் 0.2 மில்லிமீட்டர்தான் வரோணும், இப்பிடிப் பொங்கி நிக்காது! சந்திரன் எங்கயப்பா எண்டு கேட்டாள், 8 சென்டிமீட்டர்ல தோடம்பழம் ஒண்டைக் கையில குடுத்து முற்றத்தில டேப் பிடிச்சு 9 மீட்டர் அளந்தா பிள்ளை படலையடிக்கே போயிட்டாள். ஸ்டாண்டை மாத்தித் தரச்சொன்னா கடைக்காரர் பேப்பரை மடிச்சு வையுங்கோ எண்டுறார். 5க்கு 3.