கருப்புக்கொடி பந்தோபஸ்து: அனுமதி மனு முதல் கல்யாண மண்டபம் வரை ஒரு மதிப்பீடு

வெளிநாட்டுத் தலைவர் வந்து இறங்குவது டெல்லியிலோ சென்னையிலோ தான். ஆனால் கருப்புக்கொடி கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் ஏறும். கொங்கு ஊர்களில் இந்த மாதிரி நாட்களில் கிடைக்கும் பந்தோபஸ்து சேவைக்கு, ஓட்டலுக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி போட்டால், முதலும் கடைசியும் தேறிவிடும். நடுவில் போலீஸ் கூட்டத்தைக் கலைக்கும் அந்தக் கால்மணி நேரம்தான் தேறாது.

முதலில் அனுமதி. கோவை மாநகரத்தில் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி ஐந்து நாள் முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். இதிலேயே ஒரு சிக்கல்: தலைவரின் பயணத் திட்டம் பல நேரம் கடைசி சில நாட்களில்தான் வெளியாகும். அதனால் வருகை பற்றிச் செய்தி கசிந்ததுமே மனு போய்விட வேண்டும். நேரில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அதே மனுவைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி வையுங்கள். மறுப்பதாக இருந்தால் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கச் சொல்லி மனுவிலேயே ஒரு வரி சேருங்கள். "சட்டம் ஒழுங்கு, போக்குவரத்து நெரிசல்" என்ற வழக்கமான வாசகத்தோடு முந்தின நாள் ராத்திரி மறுப்பு வந்தால் உயர் நீதிமன்றம் போக நேரமே இருக்காது.

வழக்கமான இடத்தைக் கேட்டால் பேச்சு சுலபமாக முடியும். கோவையில் செஞ்சிலுவைச் சங்கம் முன்பு அல்லது சிவானந்தா காலனி பவர் ஹவுஸ், ஈரோட்டில் சூரம்பட்டி நால்ரோடு, சேலத்தில் கோட்டை மைதானம். அந்தந்தக் காவல் நிலையத்துக்கு எங்கே பேரிகேடு போடுவது, பஸ்ஸை எங்கே திருப்பிவிடுவது என்பது மனப்பாடம். கொடிக்கு மூங்கில் தடி வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும். தடி இருந்தால் அது ஆயுதமாக எஃப்.ஐ.ஆரில் ஏறும். கருப்புத் துணிக்கு ஈரோடு கனி மார்க்கெட், கருப்பு பனியனுக்குத் திருப்பூர் காதர்பேட்டை. இதையெல்லாம் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனுமதிப் பகுதிக்கு ஐந்துக்கு மூன்றரை.

இனி அந்தக் கால்மணி நேரம். கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 148-ஆவது பிரிவில் இருக்கிறது. நிர்வாக நடுவரோ நிலையப் பொறுப்பு அதிகாரியோ சொல்லலாம். அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாதவர் சொல்லலாம். சொல்லியும் கலையாவிட்டால்தான் பலம். ஆனால் சொன்னது காதில் விழ வேண்டுமே! ஒரு கை மெகாபோன், எதிரில் கூட்டத்தின் குழாய் ஒலிபெருக்கி, பின்னால் நிற்கிற பஸ்களின் ஹாரன். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு லத்தி வந்த பிறகுதான் எச்சரிக்கை வந்ததே தெரியும். இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு: போராட்டக்காரர்களின் மைக்கையே வாங்கி, எத்தனை நிமிடம், எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று அறிவிப்பது. இதை மனு கொடுக்கும்போதே இன்ஸ்பெக்டரிடம் பேசி வைத்துவிடலாம்.

இரண்டாவது கோளாறு வெளியேறும் வழி. நகைக்கடை விளம்பரம் ஒட்டிய பேரிகேடுகளை மூன்று பக்கமும் போட்டு, நாலாவது பக்கம் கைது வாகனத்தை நிறுத்தினால், கலைந்து போகச் சொன்னாலும் எங்கே போவது? 1967 ஜூன் 2-ஆம் தேதி ஈரான் மன்னர் ஷா மேற்கு பெர்லினுக்கு வந்தபோது நடந்ததும் இதுதான். ஓபரா அரங்கின் முன் கூட்டத்தைத் தடுப்புகளுக்கு இடையில் அடைத்து, நடுவில் அமுக்கினால் இரு முனையிலும் பிதுங்கும் என்று போலீஸ் கணக்குப் போட்டது. அன்று மத்தியானமே ஷா ஆதரவாளர்கள் கட்டைகளால் அடித்ததை அதே போலீஸ் வேடிக்கை பார்த்திருந்தது. இரவில் பென்னோ ஓனெசோர்க் என்ற மாணவர், சாதாரண உடையில் இருந்த போலீஸ்காரர் சுட்டு இறந்தார். சுட்டவர் விடுதலையும் ஆனார். மஃப்டி ஆட்கள் கூட்டத்துக்குள் கலந்து நிற்பது ஏன் ஆபத்து என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். கைப்பட்டை, பெயர்ப்பட்டை எதுவும் இல்லாதவர் ஒருவரை இழுத்தால், அவர் போலீஸா எதிர்க்கட்சி ஆளா என்று இழுபடுபவருக்குத் தெரியாது. திமிறுவார். அங்கேதான் கைகலப்பு தொடங்கும்.

நடுவில் போதுமான ஆள் இல்லாவிட்டாலும் கெட்டுப்போகும். 2017 மே 16 அன்று வாஷிங்டனில் துருக்கி அதிபர் எர்டோகானின் மெய்க்காவலர்கள் உள்ளூர் போலீஸைத் தாண்டிப் பாய்ந்து போராட்டக்காரர்களை உதைத்தார்கள். அவர்கள்மேல் போட்ட வழக்குகளில் பெரும்பகுதி பின்னால் கைவிடப்பட்டது. கோவைக்கு இந்தக் குறை கிடையாது. ஆயுதப்படை இருக்கிறது, வெள்ளலூரில் அதிவிரைவுப் படையின் 105-ஆவது பட்டாலியனே இருக்கிறது. 1998 குண்டுவெடிப்புகளைப் பார்த்த ஊர் என்பதால், ஆளைக் குறைத்து அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை.

இந்த வகைப் போராட்டத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து உண்டு. எதிர்க்கப்படும் ஆள் ஊரில் இல்லை. கோபம் கிடைத்தவர் மேல் இறங்கும். 2012 செப்டம்பரில் அப்போதைய இலங்கை அதிபர் ராஜபக்சே சாஞ்சிக்கு வந்தபோது வைகோவும் கட்சியினரும் மத்தியப் பிரதேச எல்லையில் மறிக்கப்பட்டு, சாலையிலேயே உட்கார்ந்தார்கள். அது கட்டுக்கோப்பான போராட்டம். அதே மாதத் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மாதா கோவிலுக்கு வந்த யாத்ரீகர்களின் பஸ்கள் திருச்சிப் பக்கம் தாக்கப்பட்டன. பந்தோபஸ்தில் பாதியை மேடைக்கு முன்னால் குவிக்காமல் லாட்ஜ், ரயில் நிலையம் பக்கம் அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

கொடும்பாவி பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். பெட்ரோலின் ஆவி தீக்குச்சிக்கு முன்பே பரவிவிடும். போலீஸ் பிடுங்க, இவர்கள் இழுக்க, எண்ணெய் இரண்டு பேர் மேலும் தெறிக்கும். படத்தைச் செருப்பால் அடித்தால் அதே புகைப்படம் நாளிதழில் வரும், வேட்டி கருகாது.

லத்தி காலில்தான் விழ வேண்டும். நடப்பில் தோளுக்கு மேலும் விழும். தலையை மறைக்கத் தூக்கும் கையில் முன்கை எலும்பு முறிவது சாதாரணம். அடி பட்டவர் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், "போலீஸ் அடித்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, விபத்துப் பதிவேட்டு நகல் வாங்க வேண்டும். நடுவில் வெளிறி இருபுறமும் இணையாகச் சிவந்த கோடுகள் லத்தியின் கையெழுத்து. அளவுகோலை வைத்து முதல் நாளும் மூன்றாம் நாளும் படம் எடுங்கள், நிறம் மாறிக்கொண்டே போகும். நடுப்பகுதிக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஆள் பலத்துக்குத்தான்.

கைதானவர்களை வைக்கும் கல்யாண மண்டபம் நன்றாகவே இருக்கும். மின்விசிறி, தக்காளி சாதமோ தயிர் சாதமோ பொட்டலம், பொழுது சாயும்போது விடுதலை. கழிப்பறைத் தண்ணீர் மட்டும் மண்டபத்துக்கு மண்டபம் வேறுபடும். பெண்களை சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது என்பது சட்டம். விதிவிலக்குக்கு நடுவரின் முன் அனுமதி வேண்டும். பெயர்ப் பட்டியல் எடுக்கும்போது உண்மையான முகவரியே கொடுங்கள், ஆனால் எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம். இதற்கு ஐந்துக்கு நான்கு.

மறைமுகக் கட்டணம் பின்னால் வரும். மண்டபத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள், வழக்கில்லை என்று பலர் நினைப்பார்கள். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 223 (அதிகாரியின் உத்தரவை மீறுதல்), 285 (பொதுப் பாதையை மறித்தல்) என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பார்கள், பாஸ்போர்ட் சரிபார்ப்பில்தான் அது எட்டிப் பார்க்கும். 223-ஐப் பொறுத்தவரை, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 188, சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் தர வேண்டும், போலீஸே எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-இல் கரூர் மாவட்ட வழக்கொன்றில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ரத்து மனு போட இதுவே பிடிமானம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். கிடைக்கும். 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு. மறுநாள் காலையில் பார்த்து, நகலை வக்கீலுக்கு அனுப்பிவிடுங்கள்.