போக்கிமான் எமரால்ட், கேம்பாய் எஸ்பி: பேட்டரி மாற்றியும் காய்க்காத செடி

காட்பாடி நண்பன் ஒருவன் தன் பையனுக்குப் பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியும் (நின்டெண்டோவின் மடிக்கிற கையடக்க விளையாட்டுக் கருவி) அதில் செருகி ஆடும் போக்கிமான் எமரால்ட் கேட்ரிட்ஜும் வாங்கித் தரலாமா என்று கேட்டான். இரண்டும் சின்ன வயதிலிருந்தே என்னிடம் இருக்கின்றன, மஸ்கட்டில் வேலை பார்த்த மாமா லீவுக்கு வரும்போது கொண்டு வந்தவை. சமீபத்தில்தான் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றினேன், அந்தக் கடுப்பு அடங்குவதற்குள் இவன் கேட்டுவிட்டான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவி இரும்பு மாதிரி. மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். நிறுவனம் சொன்ன கணக்கு விளக்கு போட்டு 10 மணி நேரம், அணைத்தால் 18. இன்று என்னுடையது அவ்வளவு தாங்குவதில்லை, ஆனால் 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, வேலூர் மே மாதத்தில் மொட்டை மாடியில் பாயைப் போட்டுக் கொசுவை அடித்துக்கொண்டே ஆடியதற்கு இது எவ்வளவு உழைத்தது என்பது எனக்குத்தான் தெரியும். ஹெட்ஃபோன் மாட்ட இடமே கிடையாது, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். வீட்டுக்குப் பயந்து சத்தமில்லாமலே ஆடியதால் ஆட்டத்தில் வரும் ஊர்களின் இசையை எல்லாம் நான் பிற்பாடு யூடியூபில்தான் கேட்டேன்.

கதையைப் பற்றி ஒரு வார்த்தை. போக்கிமான் என்கிற விநோத உயிரினங்களைப் பந்துகளில் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடுகிற ஆட்டம் இது. மேக்மா கும்பல் நிலத்தைப் பெருக்கப் பார்க்கும், அக்வா கும்பல் கடலைப் பெருக்கப் பார்க்கும். க்ரவுடான் என்ற பெரிய போக்கிமான் எழுந்தால் வெயில் கொளுத்தும், கையோகர் என்ற இன்னொன்று எழுந்தால் மழை நிற்காது, இரண்டையும் அடக்க மேலிருந்து ரேக்வாசா என்ற மூன்றாவது இறங்கி வரவேண்டும். ஹோயென் என்ற அந்த உலகம் ஜப்பானின் கியூஷு தீவை வைத்துச் செய்தது, அங்கே மழைக்குப் பயப்படலாம். பாலாறு என்றால் மணல் என்று வளர்ந்த பையனுக்கு மழை கொண்டுவருகிறேன் என்கிறவனை எதற்கு அடிக்க வேண்டும் என்றே புரியவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன போக்கைப் பார்த்தபோதுதான் அக்வா கும்பல் மேல் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

சரி, கடுப்புக்கு வருவோம். எமரால்டுக்குள் உண்மையான கடிகாரம் ஒன்று ஓடுகிறது. பெர்ரி விதைத்து, வைல்மர் வாளியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, பள்ளிக்கூடம் போய் வந்தால் செடி வளர்ந்திருக்கும். லம் பெர்ரி காய்க்க இரண்டு நாள் ஆகும். கருவியை அணைத்து வைத்திருந்தாலும் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், என்னை இதோடு கட்டிப்போட்டதே அதுதான், சண்டைகூட இரண்டாம்பட்சம். சி.எம்.சி. எதிரில் இருந்த பிரவுசிங் சென்டர்களில், ஊருக்கு மெயில் அனுப்ப வந்த வெளிமாநில நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து எமுலேட்டரில் (இந்தக் கருவி மாதிரியே நடிக்கும் மென்பொருள்) ஆடிய என் வகுப்புப் பையன்களுக்கு இந்தச் சுகம் கிடைக்கவில்லை. செட்டிங்கில் சேவ் அளவை 128கே என்று மாற்றாவிட்டால் அவர்களுக்கு ஆட்டமே சேவ் ஆகாது, ஏதோ சர்க்யூட் போர்டு இல்லை என்று திட்டும்.

அந்தக் கடிகாரத்துக்கான சிஆர்1616 பேட்டரி நான் கல்லூரியில் இருந்தபோது தீர்ந்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, ஆடலாம், ஆனால் நேரம் சார்ந்த எதுவும் நடக்காது என்று ஒரு அறிவிப்பு வரும். சேவ் போகவில்லை, அது ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. போலி கேட்ரிட்ஜ்கள் பலவற்றில் பேட்டரி போனால் சேவும் போய்விடும், இது வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

வருஷக்கணக்கில் அதைச் சகித்துவிட்டு இப்போதுதான் மாற்றக் கிளம்பினேன். திருகாணி மூன்று கால் வடிவத்தில் இருக்கும், சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஆகாது. பேட்டரியும் தகடு பற்றவைத்து வருகிற வகையாக இருக்க வேண்டும். முதலில் கொடுத்த கடையில் வெறும் பேட்டரியை வைத்து செலோடேப் ஒட்டிக் கொடுத்தார்கள், அது ஆடி ஆடி விட்டுப்போனது. அப்புறம் நானே தகடு வைத்ததைத் தேடி வாங்கி, செல்போன் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவரிடம் கொடுத்து சால்டர் செய்யச் சொன்னேன், அருமையாகச் செய்தார். அறிவிப்பு போய்விட்டது. விதைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், மறுநாள் பார்த்தால் செடி அப்படியே இருக்கிறது, அதற்கு மறுநாளும்.

ஏன் தெரியுமா? புது பேட்டரி போட்டதும் கேட்ரிட்ஜின் கடிகாரம் 2000 ஜனவரி 1-லிருந்து மறுபடி ஓடத் தொடங்குகிறது. பழைய சேவிலோ, செடி கடைசியாக வளர்ந்த நேரம் பதிவாகி இருக்கிறது. அந்த நேரத்தைக் கடிகாரம் எட்டும்வரை ஆட்டம் செடியைத் தொடாது, அதாவது பழைய பேட்டரி எத்தனை வருஷம் உயிரோடு இருந்ததோ ஏறக்குறைய அத்தனை வருஷம் நான் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தில் வரும் லிலிகோவ் ஊர்க் கடையின் தினசரி லாட்டரிக்கும் இதே கதி. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், எனக்கிருந்த ஒரே லாட்டரி அதுதான், ஐந்து எண்ணும் பொருந்தினால், எதையும் தப்பாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் தருவான்.

வழி இருக்கிறது: புது ஆட்டம் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் ஒரு கேட்ரிட்ஜில் ஒரு சேவ்தான், புதியதைச் சேமித்தால் பழையது அழியும். எட்டாம் வகுப்பில் மாஸ்டர் பாலைத் தொடாமல் அல்ட்ரா பால்களிலேயே பிடித்த ரேக்வாசா அதில் இருக்கிறது. இன்னொரு எஸ்பி, இன்னொரு கேட்ரிட்ஜ், இரண்டையும் இணைக்கும் லிங்க் கேபிள் எல்லாம் வாங்கி அதை அங்கே குடிமாற்றலாம், ஒரு பெர்ரிக்காக! இதை யோசித்த எஞ்சினியர் பேட்டரியை மாற்ற ஒருத்தன் வருவான் என்று நினைத்தே பார்க்கவில்லையா?

ஆகவே நண்பனுக்கு என் பதில், வாங்காதே. போனில் எமுலேட்டர் போட்டால் கடிகாரம் போனுடையது, பெர்ரி ஒழுங்காகக் காய்க்கும், பையனுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியென்றால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன் என்றான், அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதையும் மீறி வாங்குகிறவர்கள் சார்ஜரைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், இதன் பின் தனி, வீட்டில் கிடக்கும் யுஎஸ்பி ஒயர் எதுவும் நுழையாது.