நீராகாரமா, மோரா, கெஃபிரா, கொம்புச்சாவா: வீட்டில் எதைப் புளிக்க வைக்கலாம்?

வயிற்றுக்கு நல்லது என்று எதையாவது புளிக்க வைத்துக் குடிக்க இறங்குகிறவர்களில் பலர் முதலில் தேடுவது சர்க்கரை போட்ட டீயைப் புளிக்க வைத்த கொம்புச்சாவைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைப்பேன். நம் ஊர் வெயிலுக்கும் அடுப்படிக்கும் நீராகாரமும் மோரும் முதலில், அடுத்து பாலைப் புளிக்க வைத்த கெஃபிர், அப்புறம்தான் மற்றவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புளித்ததெல்லாம் புரோபயாட்டிக் ஆகிவிடாது. நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் இருக்க வேண்டும், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2001-இல் வகுத்த வரையறை இது. வீட்டுப் பானையில் இருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனாலும் புளித்த உணவுகளுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2021-இல் வெளியானது. பத்து வாரம் தயிர், கெஃபிர், கொம்புச்சா, கிம்ச்சி (கொரியாவின் புளித்த காய்கறி) என்று சாப்பிட்ட குழுவினருக்குக் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் பல குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருவது.

நீராகாரத்துக்குப் புழுங்கலரிசிச் சோறு உத்தமம். வடித்த சோறு ஆறியதும், சோற்றுக்கு மேல் நாலு விரல் நிற்கிற மாதிரி தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால் போதும். காலையில் தண்ணீர் லேசாக வெளுத்துக் கலங்கியிருக்கும், பானை ஓரத்தில் பொடிக் குமிழிகள் கட்டியிருக்கும், மூடியைத் திறந்ததும் இதமான புளிப்பு வாசம் வரும். உப்பும் கொஞ்சம் மோரும் கலந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் புளிப்பு சரியாக ஏறாது; கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆய்வில் இறங்கியது எனக்குப் பெரிய சந்தோஷம். அதே சமயம், ஒரே இரவில் சோற்றின் இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.91 ஆகிவிடும் என்று சுற்றுகிற கணக்கை நம்பாதீர்கள். பாக்டீரியாவால் இரும்பை உண்டாக்க முடியாது. ஏற்கெனவே இருக்கிற இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளப் புளிப்பு உதவும், அவ்வளவுதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மதியம் வடித்த சோற்றை ராத்திரி வரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கிவிடும். வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி வெளிவிடும் நச்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது. சோறு நூல் விட்டாலோ, புளிப்பு வாசத்துக்குப் பதில் நாற்றம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

மோர் முந்துவது இந்த இடத்தில்தான். நீராகாரத்தில் எந்த நுண்ணுயிர் வந்து சேரும் என்பது நம் கையில் இல்லை. தயிருக்கோ காய்ச்சிய பாலில் நாமே உறை ஊற்றுகிறோம். அந்தப் பாக்டீரியா வேகமாகப் பெருகிப் பாலைப் புளிப்பாக்கி, கெட்டதற்கு இடம் கொடுக்காமல் செய்துவிடுகிறது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துப்போவதும் அதனால்தான்: பால் சர்க்கரையில் ஒரு பங்கை அவை முன்பே தின்றுவிடும். குறை என்னவென்றால், தயிர்ப் பாக்டீரியா குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை, தினமும் குடிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் செத்துவிடும். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கச் சூடுபடுத்தி அடைத்த மோரிலும் உயிர் இருக்காது.

கெஃபிர் காகசஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தது. பொடியாக உதிர்த்த காலிஃபிளவர் போல இருக்கும் அதன் மணிகளில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்தே வாழ்கின்றன. அரை லிட்டர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி மணி போட்டுத் துணியால் மூடி வைத்தால் ஒரு நாளில் தயார். மே மாதத்தில் அரை நாளே அதிகம். நுண்ணுயிர் வகைகளில் மோரைவிட இது பணக்காரர், மறுக்க முடியாது. ஆனால் மணிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், விடாமல் பால் ஊற்றி வளர்க்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பாலோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம்.

கேழ்வரகுக் கூழை எல்லோரும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். முதல் நாள் புளித்த மாவின் நுண்ணுயிர்கள் காய்ச்சும்போதே போய்விடும். காய்ச்சிய கூழை மறுபடி ஓர் இரவு புளிக்க விட்டாலோ, மோர் ஊற்றிக் கரைத்தாலோதான் உயிர் திரும்பும். பஞ்சாப் பக்கத்துக் காஞ்சி என்ற பானம், தண்ணீரில் கறுப்பு கேரட்டும் கடுகுப் பொடியும் உப்பும் போட்டு வெயிலில் வைப்பது, பால் வேண்டாதவர்களுக்கு அருமையான வழி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிலுள்ள உப்பைக் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, கொம்புச்சா. லிட்டருக்கு 60, 70 கிராம் சர்க்கரை போட்ட டீயில், பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்த தாய்ப் படலத்தை மிதக்கவிட்டு ஒரு வாரம், பத்து நாள் காத்திருக்க வேண்டும். நம் கோடையில் சீக்கிரமே வினிகர் ஆகிவிடும். அடைத்து வைத்த பாட்டில் வாயு ஏறி வெடிக்கலாம், படலத்தில் பூசணம் பிடிக்கலாம். கொஞ்சம் ஆல்கஹாலும் உண்டாகும், எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே மாட்டேன். குளிர்பானப் பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு உதவும், அந்த மட்டில் நல்லது.

எதை எடுத்தாலும் கண்ணாடி, மண், எவர்சில்வர் பாத்திரம்தான். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. அரை டம்ளரில் ஆரம்பித்து, வயிறு உப்பாமல் இருந்தால் கூட்டுங்கள். கீமோதெரபியில் இருப்பவர்களும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் எதையும் தொட வேண்டாம்.