180 டாலர் கொடுத்து ஓப்பன் ரிலே வாங்கினோம்

ஃப்ரீலான்ஸ் தளத்தில் ஆள் பிடித்து லினக்ஸ் சர்வரில் மெயில் ப்ராக்சி (மெயில் இணைப்புகளை முன்னால் நின்று வாங்கிப் பின்னால் தள்ளும் புரோகிராம்) போடச் சொல்லப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஓப்பன் ரிலே என்றால் யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பிக்கொள்ளத் திறந்து கிடக்கும் சர்வர். அதனால் நேற்று ராத்திரி எங்கள் ஐபி ஸ்பேம் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்குக் கொடுத்த கூலி 180 டாலர்.

வேலை சின்னதுதான். டெபியன் சர்வர், முன்னால் என்ஜின்எக்ஸ் மெயில் மாட்யூல், பின்னால் மெயில் படிக்க டவ்காட்டும் மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸும். மாட்யூல் தனிப் பேக்கேஜ். அதைப் போட்டாலும் மெயில் பிளாக்கை கான்ஃப்-டி ஃபோல்டரில் வைத்தால் என்ஜின்எக்ஸ் கிளம்பாது. அந்த ஃபோல்டர் வெப்புக்கான எச்டிடிபி பிளாக்குக்குள் இன்க்ளூட் ஆகிறது, மெயில் பிளாக் அதற்கு வெளியே இருக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் தயங்காமல் மெயின் ஃபைலில், எச்டிடிபி பிளாக்குக்கு வெளியே எழுதினார். சரி, விஷயம் தெரிந்த ஆள் என்று அங்கேயே விழுந்துவிட்டோம்.

அப்புறம் ஸ்கிரீன் ஷேரில் டெமோ. மெயில் படிக்கிற ஐமேப் போர்ட் 993-இல் தப்பான பாஸ்வேர்டு அடித்தார், உள்ளே விடவில்லை. சரியானதை அடித்தார், இன்பாக்ஸ் திறந்தது. "பாத்தீங்களா சார், பக்கா." 180 டாலரையும் அந்த நிமிஷமே ரிலீஸ் செய்தோம்.

ஏமாந்தது அந்த டெமோவில்தான். உள்ளே விடலாமா என்று என்ஜின்எக்ஸ் கேட்கிற ஆத் எச்டிடிபி ஸ்கிரிப்ட் மொத்தமே ஏழு வரி. யார் வந்தாலும், என்ன பாஸ்வேர்டு வந்தாலும் பதில் ஒன்றே: 'ஆத்-ஸ்டேட்டஸ்: ஓகே'. ஐமேப்பில் என்ஜின்எக்ஸ் பாஸ்வேர்டைப் பின்னால் அனுப்பும், டவ்காட் பார்த்துத் தள்ளிவிடும், குட்டு வெளியே வராது. மெயில் அனுப்புகிற எஸ்எம்டிபி-யில் நாமாகச் சொல்லாவிட்டால் பாஸ்வேர்டை அனுப்பாது. ஸ்கிரிப்ட் ஓகே என்றால் ஓகேதான். வந்தவரின் உண்மையான ஐபி-யைப் பின்னால் சொல்லும் எக்ஸ்கிளையன்ட்டையும் ஆஃப் செய்திருக்கிறார்; போஸ்ட்ஃபிக்ஸுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 127.0.0.1, அதாவது அதே சர்வர். அது போஸ்ட்ஃபிக்ஸ் நம்புகிற முகவரிகளின் பட்டியலான மைநெட்வொர்க்ஸில் இருக்கும் முகவரி, கேள்வியே கேட்காமல் அனுப்பிவிட்டது. வெளியே போகக் காத்திருக்கும் மெயில்களைக் காட்டும் மெயில்க்யூ கட்டளையை அடித்தால் திரை நிற்காமல் ஓடுகிறது, ஒரு அனுப்புநர் பெயர்கூட எங்களுடையது இல்லை.

அவரிடம் கேட்டதற்கு முதல் பதில்: "டிஎன்எஸ் செட்டில் ஆகட்டும் சார், 48 மணி நேரம்." ரிலேக்கும் டிஎன்எஸ்-க்கும் என்னய்யா சம்பந்தம்? அடுத்தது, "உங்க யூசர் பாஸ்வேர்டு லீக் ஆயிருக்கும்." ஸ்கிரிப்டை அப்படியே காப்பி எடுத்து அனுப்பினோம். "சப்போர்ட் தனி பேக்கேஜ், 60 டாலர்." தளத்துக்காரர்களிடம் போனால், ரிலீஸ் செய்த பணம் செய்ததுதான், டிக்கெட் மூடப்பட்டது. 180 டாலர் போயே போச்சு.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், க்யூவைக் காலி செய்கிற வேலை பாக்கி இருக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவு: மெயில் அனுப்புகிற போர்ட் 587-இல் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு கொடுங்கள். 535 (பாஸ்வேர்டு தப்பு) வர வேண்டும். 235 (உள்ளே விட்டாச்சு) வந்தால் ஒரு காசும் விடாதீர்கள். ஆத் ஸ்கிரிப்டைத் திறந்து நீங்களே படியுங்கள். மாட்டிக்கொண்டிருந்தால் முதலில் 25, 587 போர்ட் இரண்டையும் ஃபயர்வாலில் மூடுங்கள். க்யூவை 'ஆல்' போட்டு அழித்துவிடாதீர்கள், உங்கள் நல்ல மெயிலும் அதற்குள்தான் கிடக்கிறது.