அல்பரீனோவா, மஸ்கடேவா?

மழையும் கடல் ஈரமும் ஓயாத அட்லாண்டிக் கரையில் வெள்ளை ஒயினுக்குப் பேர் போன இடங்கள் என்றால், ஸ்பெயினின் கலீசியாவில் அல்பரீனோ திராட்சை விளையும் ரியாஸ் பைஷாஸ் ஒன்று, பிரான்சில் நாந்த் நகரைச் சுற்றியுள்ள மஸ்கடே வட்டாரம் இன்னொன்று. இரண்டு ஒயினும் புளிப்பு தூக்கலாக, சிப்பிக்கும் மீனுக்கும் பொருத்தமாக இருக்கும்.

தோட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால் எனக்கு அல்பரீனோதான். ரியாஸ் பைஷாஸில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. மழை கொட்டுகிறது, நாந்த் பக்கம் கிட்டத்தட்ட அதில் பாதிதான். அவ்வளவு ஈரத்திலும் பழம் தப்பிப்பதற்கு அதன் தடித்த தோல் ஒரு காரணம், கருங்கல் தூண் நட்டுத் தலைக்கு மேலே போடும் பந்தல் இன்னொன்று. குலைகள் தரையின் ஈரத்துக்கு எட்டாமல் தொங்க, அடியில் காற்று ஓடுகிறது, பூஞ்சைக்கு அது ஆகாது. கிரானைட் மணலில் தண்ணீரும் தேங்காது. ஆனால் அண்ணாந்தபடியே கவாத்து, அறுவடை எல்லாம் கையால் செய்யவேண்டும், கூலி ஏறும். அதனால்தான் பந்தலை விட்டு, கொடியைக் கம்பியில் வரிசையாகப் படரவிடும் முறைக்கு மாறுபவர்களும் இருக்கிறார்கள்.

மஸ்கடேயின் திராட்சை மெலோன். 1709-இன் கொடுங்குளிர் அந்தப் பகுதியின் கொடிகளை அழித்த பிறகு, குளிர் தாங்கும் என்று பரவலாக நட்டார்கள். ஆனாலும் சீக்கிரம் துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனியில் அடி வாங்குகிறது, 2021-இலும் அப்படித்தான். சீக்கிரம் பழுப்பதால் பல வருடங்களில் இலையுதிர்கால மழைக்கு முன்பே பறித்துவிடலாம் என்பது பெரிய ஆறுதல்.

சரி, ஒயின் தயாரிப்புக்கு வந்தால் என் ஓட்டு மஸ்கடேவுக்கு. மெலோனுக்கு வாசனை குறைவு, அதை ஈடுகட்டுவது மண்டி, அதாவது புளித்து முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட். குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டு, வேறு தொட்டிக்கு மாற்றாமல் நேராகப் பாட்டிலில் அடைப்பதுதான் 'சூர் லீ' முறை. 2011-இல் தனி அங்கீகாரம் பெற்ற மஸ்கடே வட்டாரத்துக் கிளிசோன், கோர்ஜ் ஊர்களின் ஒயின்கள் குறைந்தது இரண்டு வருடம் மண்டியில் கிடந்து அடர்த்தியாகி, பாட்டிலில் பத்து வருடம்கூடத் தாங்குகின்றன. அல்பரீனோவுக்குப் பீச், எலுமிச்சை வாசனை இயல்பிலேயே இருப்பதால் பெரும்பாலும் இளசாகவே விற்றுவிடுகிறார்கள். அதையும் மண்டியில் நீண்ட நாள் வைப்பவர்கள் உண்டு, அப்படிப்பட்ட பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள்.

பொதுவாக மஸ்கடேதான் மலிவு. உடனே குடிக்க அல்பரீனோ, வைத்துக் குடிக்கக் கிளிசோன், என் தேர்வு இதுதான். ஈரமான கடலோரத்தில் புதிதாகக் கொடி நடப்போகிறவர், கைவேலைக்கு ஆள் கிடைக்கும் என்றால், பந்தலையும் அல்பரீனோவையும் முதலில் பார்க்கட்டும்.