ஏசி கேஜின் முள் பூஜ்யத்தில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன், 3,500 ரூபாய் கொடுத்தேன்

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். பெரம்பூரில் மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. ஏசி ஒன்றரை டன், இன்வெர்ட்டர் இல்லாத சாதா ஸ்பிளிட், ஆர்32 கேஸ். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. விடியற்காலையில் போர்வை தேடுகிற அளவுக்குக் குளிரும். மதியமும் முன்னிரவும் 24இல் வைத்தால் வெறும் காற்றுதான் வரும். பதினொரு மணிக்கு அம்மா பனையோலை விசிறியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அவசரத்தில் நான் செய்த முதல் தப்பு, கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர்' என்று செல்போனில் தேடி, மேலே வந்த நம்பருக்கு அடித்தது. எடுத்த பெண் "ஏசி சர்வீஸ், சொல்லுங்க மேடம், என்ன பிராண்ட்?" என்று கேட்டார். கம்பெனிக்கே போன் போட்டால் என்ன பிராண்ட் என்று ஏன் கேட்க வேண்டும்? அப்போது இது உறைக்கவில்லை. கம்பெனி பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வந்தவன் அந்தக் கம்பெனி ஆளே இல்லை.

மதியம் மூன்று மணிக்கு ஒரு பையன் வந்தான். நீலக் காலர் டீ-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை. பார்த்துவிட்டுப் போக மட்டும் 350 என்றான். உள்ளே இருக்கும் யூனிட்டைத் திறக்கவேயில்லை, ஃபில்டரைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. நேராகச் சர்வீஸ் பால்கனிக்குப் போய் அவுட்டோர் (வெளியே இருக்கும் யூனிட்) பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பித்தளை மூடிகளைக் கழற்றி என் வாஷிங் மெஷின் மேல் வைத்தான். கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டினான். "மேடம், நீங்க உள்ளே போய் ரிமோட்ல 16 வெச்சுட்டு ரெண்டு நிமிஷம் காத்து எப்படி வருதுன்னு பாருங்க" என்றான். போனேன். திரும்பி வந்தபோது கேஜைத் தூக்கிக் காட்டினான். முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. "பாருங்க, கேஸ் சுத்தமா இல்ல. இப்படியே ஓட்டினீங்கன்னா கம்ப்ரஸர் போயிடும்."

கண்ணெதிரே முள் கீழே கிடக்கும்போது யார்தான் வாதாடுவார்கள்? 4,200 என்றான், பேசி 3,500க்கு வந்தான். பணப் பேச்சு வந்ததும் 'மேடம்' மறைந்து 'அக்கா' வந்துவிட்டது. சின்ன உருளை ஒன்றை மாட்டினான், புஸ் என்று சத்தம் வந்தது. ஐந்து நிமிடத்தில் முள் ஏறி நின்றது. போகிற போக்கில் "இது ஃப்ரீ சர்வீஸ்க்கா" என்று இரண்டு வாளித் தண்ணீரை அவுட்டோர் மேல் ஊற்றினான். பில் கேட்டேன். அச்சடித்த தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தான், ஜிஎஸ்டி எண் கிடையாது. ஜிபேயில் பணம் போனதும் ஒரு தனி ஆளின் பெயருக்குத்தான்.

அன்று ராத்திரி அறை ஜில்லென்று இருந்தது. பையனை மனதாரப் பாராட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் பழைய கதை. போன் செய்தால், வந்து பார்க்காமலேயே "அப்போ கம்ப்ரஸர் வீக் மேடம், 9,500 ஆகும்" என்றான். சந்தேகம் அப்போதுதான் வந்தது. கீழே இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அனுப்பினார். ஐம்பது வயது தாண்டியவர். நான் முழுக்கதையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "எத்தன மூடிம்மா கழட்டினான்?"

வாஷிங் மெஷின் மேல் இருந்ததை நினைத்துப் பார்த்தேன். மூன்று. சின்னது ஒன்று, பெரியது இரண்டு.

"கேஜ் மாட்ட சின்ன மூடி ஒண்ணு போதும்மா."

பிறகு செய்தே காட்டினார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேருகின்றன, ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. தடித்த குழாயின் வாயில் கேஜை மாட்டினார். மெல்லிய குழாயின் வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே ஆலன் கீயை (அறுகோணச் சாவி) விட்டுத் திருகி வால்வை மூடினார். முள் மெதுவாகச் சரிந்து ஒரு நிமிடத்துக்குள் பூஜ்யத்தைத் தொட்டது. உடனே வால்வைத் திறந்தார், முள் ஏறிப் பழைய இடத்துக்கே வந்தது. "பாத்தீங்களா, கேஸ் ஏத்திட்டேன். குடுங்க மூவாயிரத்தி ஐந்நூறு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேஸ் எங்கேயும் போவதில்லை. வால்வை மூடினால் கம்ப்ரஸர் எல்லாக் கேஸையும் இழுத்து அவுட்டோருக்குள்ளேயே அடைத்துவிடும். வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்ற இதைத்தான் செய்வார்கள், பெயர் பம்ப் டவுன். அந்த நேர்மையான வேலையைத்தான் அவன் என்னை உள்ளே அனுப்பிவிட்டுச் செய்திருக்கிறான். முள் பூஜ்யத்தில் இருக்கும்போது கம்ப்ரஸரை அப்படியே ஓட விட்டால்தான் நிஜமாகவே கெட்டுப்போகும் என்று மெக்கானிக் சொன்னார். அதாவது எதைக் காட்டி என்னைப் பயமுறுத்தினானோ, அதை அவனே செய்துகொண்டிருந்திருக்கிறான்.

இன்னொன்றும் சொன்னார். கேஸ் சுத்தமாக இல்லையென்றால் விடியற்காலையிலும் குளிரக் கூடாது. வெயில் நேரத்தில் மட்டும் திணறுகிறது என்றால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை என்று அர்த்தம், அதனால் முதலில் பார்க்க வேண்டியது அவுட்டோரின் முதுகு. மூடியைத் திறந்தார். சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் புறா கூடு கட்டியிருந்தது. சூட்டை வெளியேற்றும் காயில் (குழாயும் தகடுமான பின்பக்கம்) முழுக்க இறகு, எச்சம், வாஷிங் மெஷினுக்கு மேல் கொடியில் காயும் துணிகளின் பஞ்சு. கம்பளி போர்த்தியதுபோல இருந்தது. அந்த இரண்டு வாளித் தண்ணீர் மேலோட்டமாகக் கொஞ்சம் கழுவியிருக்கிறது, அதுதான் முதல் நாள் ராத்திரி ஜில். ஜெட் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் கழுவினார், உள் யூனிட்டின் புளோயரையும் சேர்த்து. பிறகு கேஜில் அழுத்தம் 125 பிஎஸ்ஐ காட்டியது, ஆர்32க்கு அது சரியான அளவு. அவர் வாங்கியது 700 ரூபாய்.

கேஸ் லீக் என்பதே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கடலோரத்தில் உப்புக் காற்று காயிலை அரித்து ஓட்டை போடும், குழாய் இணைப்பு நட் தளர்ந்தாலும் கசியும். ஆனால் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அந்த இடத்தைச் சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, தராசில் உருளையை வைத்து எடை பார்த்து ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கும். எங்களுடையதில் 800. தராசு இல்லாமல் வருகிறவரிடம் கேஸ் போடாதீர்கள். கேஜ் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரிமோட்டை வீட்டில் வேறு யாராவது அழுத்தட்டும்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. ரிமோட் ஃபேன் மோடில் இருக்கிறதா (என் மகன் ஒருமுறை அப்படி வைத்துவிட்டு இரண்டு நாள் எல்லோரையும் வேகவைத்தான்), ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறதா. கால் மணி நேரம் ஓட விட்டுத் தடித்த குழாயைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். 150 ரூபாய் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஏசி காற்றை இழுக்கும் மேல்பக்கமும் வெளியே விடும் வாயிலும் வைத்துப் பார்க்கலாம். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி ஒழுங்காக இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, முயன்று பார்த்துவிட்டேன்.

வாரண்டி அட்டையில் இருந்த நம்பருக்குப் பிறகு பேசினேன். என் பெயரில் புகாரே பதிவாகவில்லை என்றார்கள். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்திலும் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தச் 'சர்வீஸ் சென்டர்' நம்பர் இப்போது என் போனை எடுப்பதில்லை. அம்மாவின் போனிலிருந்து அடித்தால் உடனே எடுத்து, என்ன பிராண்ட் என்று கேட்கிறார்கள்.

நேற்று மதியம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டர் ஏசியின் மேல்பக்கம் 30, வாயில் 19 காட்டியது. புறா மறுபடியும் பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வலை அடிக்க ஆள் வருகிறார். சதுர அடிக்கு எவ்வளவு என்று போனிலேயே கேட்டு எழுதி வைத்துவிட்டேன்.