டெய்லர் கே-2006: வீட்டு நீச்சல் குளத்துக்குச் சொட்டு எண்ணிப் பார்க்கும் சோதனைப் பெட்டி

பாண்டிச்சேரியில் வீட்டோடு நீச்சல் குளம் கட்டியவர்கள், செரினிட்டி கடற்கரைப் பக்கமும் ஆரோவில் சாலையிலும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த வாளி குளோரின் வாங்குவதற்கு முன்னால் ஒரு நல்ல சோதனைப் பெட்டி வாங்குங்கள். நான் வைத்திருப்பது டெய்லர் கே-2006. அமெரிக்கத் தயாரிப்பு, விலை அதிகம்தான், இங்கே கடைகளில் நான் பார்த்ததில்லை, ஆன்லைனில்தான் வரவழைத்தேன். ஆனால் குளத்துக்காக வாங்கிய பொருட்களில் கொடுத்த காசுக்கு இதைவிட அதிகம் உழைத்தது வேறு எதுவும் இல்லை.

இதற்கு முன்னால் எங்கள் குளத்தை ஒரு பராமரிப்பு நிறுவனம் பார்த்துக்கொண்டது. வாரம் ஒருமுறை ஆள் வருவார், சின்னப் பெட்டியில் இரண்டு குழாய், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு. "கலர் கரெக்டா இருக்குக்கா" என்பார், மாத்திரைகளைப் போட்டுவிட்டுப் போவார். அந்த மஞ்சள் மொத்தக் குளோரினை மட்டும்தான் காட்டும். அதில் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வேலைக்கு ஆகாமல் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கண் எரிந்து, மூக்கில் காரமாக வாடை அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று எல்லாரும் நினைப்போம். பெரும்பாலும் அது இப்படிச் சேர்ந்துபோன குளோரினின் வாடை, அந்த நேரத்தில் குளத்துக்கு இன்னும் குளோரின்தான் தேவை.

இந்தப் பெட்டியில் அந்தக் குழப்பம் இல்லை. 10 மில்லி தண்ணீர் எடுத்து, கூடவே வரும் குட்டிக் கரண்டியால் பொடியைப் போட்டால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். அது நிறமே இல்லாமல் போகும்வரை இன்னொரு புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு 0.5 பிபிஎம் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு), ஆறு சொட்டு என்றால் 3. அப்புறம் மூன்றாவது புட்டியிலிருந்து சில சொட்டுகள் விட்டதும் மறுபடி ரோஸ் வந்தால் சேர்ந்துபோன குளோரின் இருக்கிறது என்று அர்த்தம், அதையும் அதே மாதிரி எண்ணலாம். எந்த ரோஸ் எந்தக் கட்டத்தோடு பொருந்துகிறது என்று அட்டையை வைத்துக்கொண்டு வீட்டில் நாலு பேர் நாலு பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிஎச், அதாவது தண்ணீரின் அமிலம்-காரம் காட்டும் அளவு, மட்டும் இதிலும் நிறத்தைப் பார்த்துத்தான். 7.0 முதல் 8.0 வரை காட்டும், அதற்கு மேலே போனால் "8 அல்லது அதற்கு மேல்" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு இடம்தான் எனக்குக் குறை. ஆனால் அதற்கு ஈடாக ஒரு நல்ல வசதி: பிஎச் கூடியிருந்தால் அதே குழாயில் ஆசிட் சொட்டுகளை விட்டு, நிறம் சரியான கட்டத்துக்கு எத்தனை சொட்டில் இறங்குகிறது என்று பார்த்து, குளத்துக்கு எவ்வளவு ஆசிட் என்று கூடவே வரும் புத்தகத்தின் அட்டவணையில் படித்துக்கொள்ளலாம். மக்கில் கண்ணளவாக ஊற்றுகிற பழக்கம் அதோடு நிற்கும்.

பிஎச்சுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், குளோரினின் பலமே அதில் இருக்கிறது. பிஎச் 7.5-ல் குளோரினில் ஏறக்குறையப் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8-க்குப் போனால் அது கால் பங்குக்கு வந்துவிடும். குளோரின் வெயிலில் அழிந்துபோகாமல் இருக்கச் சேர்க்கும் சயனூரிக் ஆசிட் இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் வைத்திருப்பதுதான் கண்ணுக்கும் டைல்ஸுக்கும் நல்லது.

அந்த சயனூரிக் ஆசிட்தான் இந்தப் பெட்டி எனக்குக் காட்டிக்கொடுத்த பெரிய விஷயம். டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை போடும்போது குளோரின் மட்டும் போவதில்லை, ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் சுமார் 6 பிபிஎம் சயனூரிக் ஆசிட்டும் கூடவே போகிறது. குளோரின் செலவாகிவிடும், இது ஆவியாகாது, அப்படியே சேர்ந்துகொண்டே போகும். குளத்துத் தண்ணீரையும் மருந்தையும் சரிபாதி கலந்து, கலங்கியதைக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளி எப்போது மறைகிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு அதிகம் என்று அர்த்தம். எங்கள் குளத்தில் குழாயின் கீழே இருக்கும் 100 என்ற கோட்டை எட்டுவதற்கு வெகு முன்னாலேயே புள்ளி மறைந்துவிட்டது, அதாவது 100-க்கும் மேல். குளோரின் 2 இருக்கிறது என்று அந்த நிறுவனம் நிம்மதியாக இருந்த நாட்களில் குளம் ஏன் பச்சை பிடித்துக்கொண்டே இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. சயனூரிக் ஆசிட்டில் 7 அல்லது 8 சதவீதம் அளவுக்காவது குளோரின் இருக்க வேண்டும் என்பது குளம் பராமரிப்பவர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு. 40 என்றால் 3 போதும், 120 என்றால் 9 வேண்டும். குறைக்க ஒரே நடைமுறை வழி, தண்ணீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது. இப்போது நான் திரவக் குளோரின்தான் வாங்குகிறேன், பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுகிறேன். சயனூரிக் ஆசிட் சுத்தமாக இல்லாத குளத்தில் நம் ஊர் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும், அதனால் 30 முதல் 50 வரை இருக்கட்டும்.

புதுத் தண்ணீர் என்றால் எங்களுக்கு போர் தண்ணீர். கடலோரமாக இருப்பவர்களுக்கு, இங்கே அரியாங்குப்பமானாலும் கடலூர் தேவனாம்பட்டினமானாலும், தண்ணீரின் கடினத்தன்மை பற்றிய கவலை தெரியும். பெட்டியில் கால்சியம் கடினத்தன்மைக்கும் சோதனை இருக்கிறது, சிவப்பு நீலமாக மாறும்வரை எண்ண வேண்டும், 25 மில்லி எடுத்தால் சொட்டுக்கு 10 பிபிஎம். 200 முதல் 400 வரை பொதுவாகச் சொல்லும் அளவு. அதற்கு மேலே போய், பிஎச்சும் ஏறி, சித்திரை வெயிலும் சேர்ந்தால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளையாகப் படிய ஆரம்பிக்கும். தினமும் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் கால்சியத்தைத் தாங்களே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

காரத்தன்மை, அதாவது ஆல்கலினிட்டி, பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் சோதனை. எளிதானது இதுதான், ரொம்ப உதவுவதும் இதுதான். இது 60-க்கும் கீழே போனால் கொஞ்சம் ஆசிட் விட்டாலே பிஎச் சரிந்து விழும். 150-ஐத் தாண்டினால் எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் சில நாளில் பிஎச் மறுபடி ஏறி நிற்கும், குளத்தில் அருவி மாதிரித் தண்ணீர் கொட்டும் அமைப்பு இருந்தால் இன்னும் வேகமாக. ஏற்றுவதற்கு ஆப்ப சோடா போதும். 40,000 லிட்டர் குளத்தில் 10 பிபிஎம் ஏற்ற சுமார் 670 கிராம். கலங்கலைத் தெளிய வைக்கப் படிகாரம் போடுகிறவர்கள் கவனியுங்கள், அது ஆல்கலினிட்டியையும் பிஎச்சையும் சேர்த்து இறக்கும், போட்ட மறுநாள் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் பெட்டி இன்னும் முக்கியம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் கரையேறியபோது பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. நாலடி ஆழக் குளத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான உயரம். அவ்வளவு மழைத் தண்ணீர் விழுந்து வழிந்த குளத்தில் குளோரின், கால்சியம், ஆல்கலினிட்டி, சயனூரிக் ஆசிட் எல்லாமே நீர்த்துப்போயிருக்கும். அப்போது குளோரினை மட்டும் பார்த்துவிட்டு விடுவது பாதி வேலைதான்.

வீட்டில் விருந்தாளிகள் வந்து பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெயோடு இறங்கிய நாளின் இரவிலும் நான் பார்ப்பேன், எண்ணெயும் சன்ஸ்கிரீனும் குளோரினை நிறையவே சாப்பிடும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், பெட்டிக்குச் சம்பந்தமில்லை என்றாலும்: ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே மக்கில் எடுக்காதீர்கள், சேர்ந்தால் வருவது விஷவாயு. டிசிசிஏ மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கவும் செய்யும்.

வாங்குகிறவர்களுக்கு: மோட்டார் அறையில் வைக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் மருந்துகள் கெட்டுவிடும், வீட்டுக்குள் வெயில் படாத இடமாகப் பாருங்கள். முதலில் தீர்வது குளோரின் பொடியும் அதன் சொட்டு மருந்தும்தான், அவை தனியாகவே கிடைக்கும், முழுப் பெட்டியைத் திரும்ப வாங்க வேண்டாம். வருடம் ஒருமுறை மருந்துகளை மாற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்குக் காற்றடித்து வைக்கும் சின்னக் குளம் மட்டும் இருக்கிறது, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்றால் இது தேவையில்லை.